பெறுநர் முகவரியும் அனுப்புநர் பொறுப்பும்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களின் மீனவர் பலர் கடலில் இருந்தனர். அவர்களுள் பலர் மீளவில்லை. புயல் எச்சரிக்கை நவம்பர் 30 நண்பகலில்தான் கிடைத்தது என்று மாநில அரசு கூறிற்று. அதற்கு முன்னரே எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டன என்று மத்தியத் துறையினர் கூறினர். அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. முகவரிப் பிழையே அதற்குக் காரணம் என்பதும் அன்று. ஆயினும், அனுப்புதல் வேறு, கிடைத்தல் வேறு என்பதை அக்கடற்கரை மக்கள் மறந்திலர்.

செய்தியை மின்னஞ்சல் வழி அனுப்பும் ஒவ்வோர் அலுவலகத்திலும் பெறுநர் பட்டியல் ஒன்று உண்டு. அதனைச் சரிபார்ப்பவர் மிகச் சிலரே. 1991-இல் அதிகாரபூர்வமாகத் திருவனந்தபுரம் எனப் பெயர் மாறிய இந்நகரின் பெயருக்கு ஆங்கிலத்தில் 18 எழுத்துக்கள். முகவரியில் அப்பெயரைத் தட்டச்சிடும்போது ஓரெழுத்து விடுபடுவது வியப்பன்று!

இத்தகைய பிழையைக் காண எளிய வழி உண்டு. கணிப்பொறியின் கட்டளைச் சாளரத்தில் 'ஹோஸ்ட்' என்னும் கட்டளையை எழுதி, முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னுள்ள பெயரை அதனோடு சேர்த்துத் தந்தால், அப்பெயருக்குரிய அஞ்சலை எந்த வழங்கி ஏற்கும் என்பது தெரியவரும். அப்படியொரு பெயரே இல்லையென்று விடை வந்தால் முகவரி தவறென்பது உறுதி. கேரளப் பள்ளிகளில் 'கைட்' நிறுவனம் வழங்கும் லினக்ஸ் இயங்குதளம் இருத்தலால், ஆசிரியர்கள் இதற்கெனச் செலவிட வேண்டுவதில்லை.

'அட்' குறிக்கு முன்னுள்ள பகுதியைச் சோதிப்பதுதான் கடினம். ஜான் போஸ்டல் 1982-இல் வகுத்த அஞ்சல் நெறிமுறையில், பெறுநர் உளரா என வழங்கியையே வினவும் 'வெரிஃபை' என்னும் கட்டளை இருந்தது. வேண்டா அஞ்சல் அனுப்புவோர் அதனைக் கொண்டு முகவரிகளைத் திரட்டத் தொடங்கவே, பெரும்பாலான வழங்கிகள் அவ்வாயிலை அடைத்துவிட்டன. இன்று வினவினால், "உறுதி கூற இயலாது, அனுப்பினால் ஏற்போம்" என்னும் பொருளுடைய 252 என்ற எண்ணே பெரும்பாலும் விடையாக வரும். சில வழங்கிகள் எப்பெயரையும் முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் கைவிடும். ஆகவே இக்கருவி "இல்லை" என்றால் நம்பலாம். "உண்டு" என்றால் நம்பலாகாது. பிறர் வழங்கிகளை ஓயாது வினவிக்கொண்டிருப்பதும் முறையன்று; அவ்வாறு செய்யும் அலுவலகத்தின் அஞ்சல் முழுவதுமே தடைபடக்கூடும்.

எந்தக் கருவியும் காணவியலாத குறை மற்றொன்று உண்டு. மாற்றலாகிச் சென்ற அலுவலரின் அஞ்சற்பெட்டி திறந்தே கிடக்கும்; வழங்கி ஏற்கும்; படிப்பார் இரார். இக்குறைக்கு மருந்து, முகவரியை ஆளின் பெயரால் அன்றிப் பதவியின் பெயரால் அமைப்பதும், பருவமழைக்கு முன் பட்டியலிலுள்ள அனைவர்க்கும் சோதனை மடல் விடுத்து, ஓர் ஆள் கைப்பட எழுதிய விடையைப் பெறுவதுமே ஆகும். தானியங்கி விடையைக் கணக்கில் கொள்ளலாகாது. மூன்று நாட்களுக்குள் விடை தராதவரைத் தொலைபேசியில் அழைத்து, புதிய முகவரியைக் கேட்டுப் பட்டியலில் அன்றே திருத்துதல் வேண்டும்.