நால்வர் ஒப்பினும் ஒருவர் சொல்லே!

செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணி, பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கப்பெற்றது. அவர் 1981-இல் மறைந்தார். பணியோ 12 மடலங்கள், 31 பகுதிகளாக 2011-இலேயே நிறைவெய்தியது. முப்பத்தேழாண்டு உழைப்பு அது!

இனி, இத்தகு பணிக்குச் செய்யறிவு முகவர்களை, அதாவது ஒப்படைத்த வேலையைத் தாமே படிப்படியாக முடிக்கும் மென்பொருள்களைக் குழுவாக அமர்த்தலாம் என்பார் உளர். அமர்த்துக! ஒரு முகவர் இலக்கியத்தினின்றும் கல்வெட்டினின்றும் சொற்களைத் திரட்டுக. மற்றொருவர் வேர் காண்க. வேறொருவர் இனமொழிச் சொற்களோடு ஒப்பிடுக. நான்காமவர் குற்றங் காண்பதையே தொழிலாகக் கொள்க. பகுப்பு நன்றே.

ஆயின் இடரும் உண்டு. செய்யறிவு, இல்லாத பாட்டடியையும் உள்ளதுபோல் எழுதிக் காட்டும். நால்வரும் ஒரே மொழிப்பொறியினின்று பிறந்தோராயின், ஒருவர் பிழையை மற்றவரும் ஒப்பக்கூடும். நால்வர் ஒப்பினும் அஃது ஒருவர் சொல்லே!

ஆகவே, முகவர் தரும் ஒவ்வொரு மேற்கோளையும் முதல்நூலில் தேடி, எழுத்துக்கு எழுத்து ஒத்தாலன்றி ஏற்காத தனி நிரல் ஒன்று வேண்டும். வேர்பற்றிய முடிபோ, சொல்லாய்வில் தோய்ந்த புலவரிடமே இருத்தல் வேண்டும்.

திரட்டும் கைகள் ஆயிரமாகுக. தீர்ப்புரைக்கும் அறிவு தமிழறிந்ததாகுக. விரைவு கருதி ஒரு பொய்ச்சான்று அகரமுதலியுள் புகுந்துவிடின், வருந்தலைமுறை அதனை மெய்யென ஓதும். நாளைய செய்யறிவும் அதனையே பயிலும்!