நம்பர் சொல்லாமல் ஒரு பில்

ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

போன வாரம் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். "நம்பர் சொல்லுங்க சார்" என்றான் கல்லாவில் இருந்த பையன். எதற்கு என்றேன். "நம்பர் அடிச்சாத்தான் பில் வரும்." எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். பத்து இலக்கத்தையும் கடைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஒரு பெண் போனில் அழைத்தார்: "சார், சுகர் செக்கப் பேக்கேஜ் ஒண்ணு இருக்கு." நம்பர் யார் கொடுத்தது என்று கேட்டதும் வைத்துவிட்டார். மாத்திரை அம்மாவுக்கு, வியாதி என் பேரில் ஏறிவிட்டது.

பில் போட போன் நம்பரைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று 2023 மே மாதமே ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. அந்தச் சேதி இந்தக் கல்லாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-இல். ஆறு வருடம் கழித்து வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். வீட்டிலிருந்தபடியே மருத்துவரைப் பார்க்க உதவும் செயலிக்கு நம் போனில் உள்ள மற்றவர்களின் எண்கள் தேவையில்லை என்று அதிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நல்ல உதாரணம், மறுக்க மாட்டேன்.

அபராதப் பக்கத்துக்கு வந்தபோதுதான் வயிறு எரிந்தது. தரவைக் காப்பாற்றத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். அது போய்ச் சேருவது அரசின் தொகுப்பு நிதியில். பறிகொடுத்தவனுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்க ஒரு வழி இருந்தது. அதை நீக்கவும் இந்தச் சட்டத்திலேயே எழுதிவிட்டீர்கள். அற்பப் புகார் கொடுக்கும் குடிமகனுக்கு மட்டும் 10,000 ரூபாய் வரை அபராதம் மறக்காமல் வைத்திருக்கிறீர்கள். என் மருந்துக்கடைப் புகார் அற்பமா இல்லையா என்று சொல்லப்போகிற தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு ஆள் போடுவதும் உங்கள் அரசுதான். (அரசு அமைப்புகளுக்கு அரசே விலக்கு அளித்துக்கொள்ளும் 17-ஆம் பிரிவைப் பற்றிப் பேச இன்னொரு மடல் வேண்டும்.)

இழப்பீட்டுப் பிரிவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நம்பர் இல்லாமலும் பில் வரவேண்டும் என்பதை அறிவுரையாக விடாமல் விதியாக்குங்கள். அம்மாவின் மாத்திரை இன்னும் மூன்று வாரத்துக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
மருந்துக்கடை வாடிக்கையாளன்,
மதுரை