என்ர காலுக்குள்ள கிடக்கிற சில்லறை

போன கிழமை எனக்கு இரவு வேலை. மெல்பேணில ஒரு பெற்றோல் செற்றில காசு வாங்கிற இடத்தில நிக்கிறனான். ஒரு வெள்ளைக்காரப் பெடியன் பால் போத்தலைக் கொண்டுவந்து வைச்சிட்டு, பொக்கற்றைத் தடவி ஒரு கை நிறையக் குத்திக்காசைக் கொட்டினான். "சொறி மேற், ஷ்ரப்னல்தான் கிடக்கு" எண்டான்.

சில்லறையைத்தான் அப்பிடிச் சொல்லுறான். இஞ்சையும் இங்கிலாந்திலயும் அது சாதாரணப் பேச்சு. எண்ணி எடுத்து, நன்றி சொல்லி அனுப்பினன். அவனில பிழையில்லை. ஆனா எனக்கு ஷ்ரப்னல் எண்டா என்னெண்டு தெரியும். இடது முழங்காலுக்குக் கீழ ஒண்டு இப்பவும் கிடக்கு. ஊரில நாங்கள் 'பீஸ்' எண்டு சொல்லுவம். குளிர் தொடங்கினா அது தன்னை ஞாபகப்படுத்தும்.

ஷ்ரப்னல் ஒரு மனுசன்ர பேர். ஹென்றி ஷ்ரப்னல், பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி. ஆக்களுக்கு மேல வெடிச்சுக் குண்டுகளைச் சிதறடிக்கிற ஷெல்லைச் செய்தவர். 1803 இல் பிரித்தானிய இராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு எந்த ஷெல்லின்ர சிதறலுக்கும் அவற்ற பேர்தான். இப்ப சில்லறைக்கும்.

இப்பிடிக் கனக்கக் கிடக்கு. சினிமா விளம்பரத்தில எங்கட ஆக்களும் 'பிளொக்பஸ்ரர்' எண்டு போடுறம். இரண்டாம் உலகப்போரில பிரித்தானிய விமானங்கள் போட்ட 4,000 இறாத்தல் குண்டுக்கு வைச்ச பேர் அது. ஒரு தொகுதி வீடுகளையே தரைமட்டமாக்கும் எண்டு அர்த்தம். 'டெட்லைன்' எண்டது 1864 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில, அண்டர்சன்வில் சிறைமுகாமில போட்டிருந்த எல்லை. தாண்டின கைதியைக் காவலாளி சுடுவான். அந்த முகாமில கிடந்த ஏறக்குறைய 45,000 பேரில 13,000 பேர் வரை பசியாலும் நோயாலும் செத்தவை. இப்ப எல்லாக் கந்தோரிலயும் டெட்லைன்.

"மொழி எண்டா மாறும்தானே, ஏன் அண்ணை இதுக்குப்போய்ச் சண்டை பிடிக்கிறியள்?" எண்டு ஒரு நண்பர் கேட்டார். மாறட்டும். என்ர மகள் நேற்றும், "அப்பா, சோத்தை நியூக் பண்ணித் தாங்கோ" எண்டவள். மைக்ரோவேவில சூடாக்கித் தரட்டாம். அணுகுண்டைச் சோத்துக் கோப்பைக்குள்ள கொண்டுவந்திட்டினம். சிரிச்சுப்போட்டுச் சூடாக்கிக் குடுத்தன். இதுக்கெல்லாம் நான் சண்டைக்கு வரேல்லை.

என்ர சண்டை வேற. படைச் சொல்லுகளில ரண்டு வகை இருக்கு. ரண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பக்கூடாது.

ஒண்டு, சிப்பாயின்ர சொல். இரண்டாம் உலகப்போரில அமெரிக்கச் சிப்பாய்கள் 'ஸ்நாஃபு' எண்டொரு சொல்லைப் பாவிச்சவை. 'நிலைமை வழமைபோல, எல்லாம் நாசம்' எண்ட வசனத்தின்ர முதலெழுத்துகள். உண்மையில அதில வாற சொல் நாசத்தைவிட நாறல். மேலிடத்தின்ர உத்தரவுகளை நக்கலடிக்கிற பகிடி. சாகப்போறவன் சொல்லுற பகிடியில பொய் இல்லை. எங்கட சனமும் குண்டு போட வாற பிளேனுக்கு 'சகடை' எண்டு பேர் வைச்சதுதானே. பயத்தை அடக்க ஒரு பட்டப்பேர்.

மற்றது, கந்தோரின்ர சொல். செத்த சனத்துக்கு 'கொலாட்டரல் டமேஜ்', அதாவது பக்கச் சேதம். தன்ர ஆளைத் தானே கொண்டா 'பிரெண்ட்லி ஃபயர்', நட்புச் சூடு. குளிரூட்டின அறையில இருந்து, பிரேதத்தைக் காணாதவன், மற்றவையும் காணக்கூடாது எண்டு செய்த சொல்லுகள். முதல் வகை வலியைச் சொல்லுது. இது வலியை ஒளிக்குது.

அப்பிடி ஒளிக்கிற சொல் ஊருக்குள்ள வந்தா என்ன நடக்கும் எண்டதுக்கு ஒரு உதாரணம். 1995 ஏப்ரல் 19, ஒக்லஹோமா நகரில ஒரு அரச கட்டடத்துக்கு முன்னால திமொத்தி மக்வே லொறிக்குண்டு வைச்சான். வளைகுடாப் போரில அமெரிக்கச் சிப்பாயா இருந்தவன். செத்தது 168 பேர். அதில 19 பேர் குழந்தைகள். அந்தக் குழந்தைகளுக்கு அவன் பாவிச்ச சொல் 'கொலாட்டரல் டமேஜ்'. அந்தச் சொல்லை அவன் கண்டுபிடிக்கேல்லை. ஏற்கெனவே செய்து வைச்சிருந்ததை எடுத்துப் பாவிச்சான், அவ்வளவுதான்.

எங்களுக்கும் ஒண்டு தந்தவை. 2009 இல் வன்னியில 'நோ ஃபயர் சோன்', சூடு இல்லாத வலயம். சனம் நம்பிப் போனது. அடுத்தடுத்து அறிவிச்ச மூண்டு வலயங்களுக்குள்ளயும் அரச படை ஷெல்லடிச்சது எண்ட குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது எண்டு ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் எழுதினது. அந்தச் சொல்லை இண்டைக்கும் என்னால நேராச் சொல்ல முடியேல்லை.

அப்பிடியிருக்க, எங்கட வானொலிகளில செய்தி வாசிக்கிறவையும் ஈராக், காசா எண்டு வரேக்க 'பக்கச் சேதம்' எண்டு அழகாத் தமிழ்ப்படுத்தி வாசிக்கினம். ஏன் ஐயா? 'சனம் செத்தது' எண்டு சொல்லத் தமிழில சொல் இல்லையா? முந்தி நான் வேலை செய்த தொழிற்சாலையில ஆக்களை நிப்பாட்டேக்க மனேச்சரும் அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் சொன்னவர். நிப்பாட்டினது அவர்தான். ஆனா யாரோ எங்கேயோ போட்ட குண்டு தவறி விழுந்த மாதிரிச் சொன்னார்.

சில்லறையை ஷ்ரப்னல் எண்டு சொல்லுங்கோ, பரவாயில்லை. அது தெரியாமச் சொல்லுற சொல். மற்றதைத் தெரிஞ்சே செய்தவை. அதை எங்கட வாயால சொல்லாமலாவது இருப்பம்.