ஒல்லியான உடம்புக்குச் சர்க்கரை வராதா?

"வெயிலில் நின்று உழைக்கிறவனுக்குச் சர்க்கரை வியாதி வராது. அது உட்கார்ந்து சாப்பிடுகிற பணக்காரர் வியாதி" என்ற பேச்சை நம் கிராமங்களில் இன்றும் கேட்கலாம். நம்மவர்கள் சொல்லிக்கொண்டால் போகட்டும். டாக்டரும் அதையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

எனக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை. ஐம்பது வயதைத் தொட்ட வருஷம், சம்பா நடவு சமயத்தில், சொல்ல முடியாத அசதி. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. இரவில் நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. முன்பே ஒல்லியான உடம்பு. இரண்டு மாதத்தில் சட்டை தொளதொளத்துப் போயிற்று. பக்கத்து ஊர் டாக்டரிடம் போனேன். நாடி பார்த்தார். "வேலை ஜாஸ்தி, சத்துக் குறைவு" என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, ஒரு சத்து ஊசியும் போட்டு அனுப்பினார். சர்க்கரை பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "உங்க உடம்புக்கு அதெல்லாம் வராதய்யா" என்று சிரித்தார். இப்படி மூன்று தடவை. சர்க்கரை வியாதிக்காரன் காசு கொடுத்துக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்ட கதை இது.

கடைசியில் கண்டுபிடித்தது என் தாயார். கொல்லையில் நான் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது சர்க்கரைடா தம்பி, உன் மாமாவுக்கும் இப்படித்தான் இருந்தது" என்றார். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 340 காட்டியது.

வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை வியாதி. மூன்று மாதச் சராசரி என்று சொல்லப்படும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் அதே கணக்குதான். இந்த மூன்றாவது பரிசோதனையை நாம் கேட்டு வாங்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து நல்ல பெயர் வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதிகாரி வரும் அன்று மட்டும் வாய்க்காலில் தண்ணீர் விட்டுக் காட்டுகிற வேலை இது. மூன்று மாதக் கணக்கிடம் அது பலிக்காது. மண் பரிசோதனைக்கு வயலில் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து அனுப்புகிறோமே, அதுபோல இது பல நாள் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டுவது.

ஒல்லியானவருக்கு வரும் சர்க்கரையை டாக்டர்கள் அலட்சியம் செய்ய இனி நியாயமே இல்லை. சிறுவயதில் வயிறார உண்ணாத ஏழைகளுக்கு வரும் ஒருவகைச் சர்க்கரையை 1955-லேயே ஜமைக்கா தீவில் கண்டு எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985-ல் அதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது; 1999-ல் ஆதாரம் போதாது என்று எடுத்துவிட்டது. நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்து, இவர்களுக்குக் கணையத்தில் இன்சுலின் போதிய அளவு சுரப்பதில்லை என்று எடுத்துக்காட்டினார்கள். 2025-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாவது வகை என்று ஏற்றுக்கொண்டது. ஒல்லியானவர் எல்லாருக்கும் இதே வகை என்று நான் சொல்லவில்லை. கணையத்தில் கல் உண்டாகி வருவதும் உண்டு, சாதாரண வகையும் உண்டு. வகை தெரியாமல் இன்சுலினை அதிகமாகப் போட்டால், அரை வயிற்றுக்கு உண்கிறவனுக்கு அதுவே ஆபத்தாகும் என்பதுதான் விஷயம். எனவே ஒல்லியான நோயாளி வந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி என்ன வகை என்று பார்க்கச் சொல்வது டாக்டரின் கடமை என்பேன்.

வியாதியைக் கண்டுபிடித்த பிறகும் என் தொல்லை தீரவில்லை. "காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று" என்று கிளிமிப்ரைடு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பட்டணத்துக்காரர் எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுவார்; அவருக்குச் சரி. நான் விடிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவேன். கஞ்சி வந்து சேரப் பத்து மணி ஆகும். ஒரு நாள் களை எடுக்கும்போது கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, கண் இருட்டி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். களையெடுக்க வந்த அம்மாள் ஒருவர் முந்தானையில் முடிந்திருந்த வெல்லத்தைக் கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! அந்த மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாடு தவறினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்றும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது என் தப்பு. பிறகு போய்ச் சொன்னதும், கஞ்சி வந்த பிறகு மாத்திரை என்று இரண்டே நிமிஷத்தில் மாற்றி எழுதினார்கள். இப்போது வெல்லம் என் மடியில் இருக்கிறது.

காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேற்றில் செருப்புப் போட முடியாது. மரத்துப்போன காலுக்கு முள் தைத்தது தெரியாது. கரையேறியதும் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை பார்த்துவிடுங்கள். குனிய முடியாதவர்கள் வீட்டிலுள்ளவர்களைப் பார்க்கச் சொல்லலாம்.

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை வருவதாலேயே வியாதி அடங்கிவிட்டது என்று நாமும் நினைக்கிறோம், ஆஸ்பத்திரியும் நினைக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மூன்று மாதச் சராசரி பார்க்க வேண்டும். ஒரு தடவை கண், சிறுநீரகம், கால் மூன்றையும் பார்க்க வேண்டும். இதை மாத்திரை அட்டையிலேயே எழுதிவைத்து, தவறினால் கூப்பிட்டுவிட வேண்டும். நடவும் அறுப்பும் நடக்கிற மாதங்களில் முகாம் போட்டுவிட்டு "ஜனங்கள் வருவதில்லை" என்று கணக்கு எழுதுகிறார்கள். தை அறுப்பு முடிந்து மாசியில் போடட்டும். வெறும் வயிற்றோடு விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்கிறோம்.