ஓரத்தில் இருந்த இரண்டு வரி

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் சென்னையிலிருந்து பள்ளிப்பட்டு வந்திருந்தான். அவன் கம்பெனி, மருந்துக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் தயாரிக்கிறது. பதினைந்து வருடமாக ஜாவாவில் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோ என்ற மொழியில் எல்லாவற்றையும் புதிதாக எழுதப் போகிறார்களாம். "பழைய கோடுல பாதி எதுக்கு இருக்குன்னே யாருக்கும் தெரியல தாத்தா" என்றான்.

எனக்குக் கம்ப்யூட்டர் மொழி தெரியாது. ஆனால் மொழி மாறிய ஆபீசைத் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால், பழைய பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்க்கும் வேலை என் தலையில்தான் விழும். ஒருமுறை பத்திரத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த இரண்டு வரியைத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். பக்கத்து மனைக்காரர் கிணற்றுக்குப் போகும் வழி உரிமை அதில்தான் இருந்தது. வழி அடைபட்டு, ஒரு விதவை அம்மாள் ஆறு மாதம் அலைந்தார். எதற்கென்று தெரியாத வரி, என்றோ ஒருவர் பட்ட கஷ்டத்துக்காக எழுதி வைத்ததாக இருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு அவனே இரண்டு உதாரணம் சொன்னான். நெட்ஸ்கேப் கம்பெனி 1998-இல் பழைய கோடை ஒதுக்கிவிட்டு பிரௌசரைப் புதிதாக எழுத உட்கார்ந்தது. நெட்ஸ்கேப் 6 வெளிவர 2000 நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரர் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அதே மைக்ரோசாஃப்ட், டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. ஆனால் பழைய கோடின் அமைப்பை வைத்துக்கொண்டே பெயர்த்தார்கள். 77.8 விநாடி பிடித்த ஒரு சோதனை 7.5 விநாடியில் முடிந்ததாம்.

ஆக, மொழியை மாற்றுவதில் தப்பில்லை. எங்கள் பள்ளிப்பட்டே 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டில் தெலுங்குக் கிரயப் பத்திரம் இன்றும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மாநிலம் மாறியதே என்று அதை யாரும் கிழித்துப் போடவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான்: ஒவ்வொரு பகுதியாக மாற்றுங்கள். ஒரே பில்லைப் பழையதிலும் புதியதிலும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஆட்கள் வேலையை விட்டுப் போகும் முன் உட்கார வைத்துக் கேளுங்கள்.

அந்தக் கோடை முதலில் எழுதியவர் இன்னும் கம்பெனியில் இருக்கிறாரா என்று திங்கட்கிழமை விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுப் பேரன் பஸ் ஏறினான்.