மாகாண சபைத் தேர்தல்களும் அவற்றின் வரிசையும்

மாணவர்களே, 2008 மே 10 ஆம் திகதி கிழக்கு மாகாண மக்கள் தமது மாகாண சபைக்கு வாக்களித்தனர். அன்று வேறெந்த மாகாணத்திலும் மாகாண சபைத் தேர்தல் இல்லை. இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்கள் 2006 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள். வீதி, கிணறு, தோணித்துறை என்பனவே அவர்களுடைய தேவைகள். ஆனால் நாடு கேட்டதோ, “கிழக்கு யார் பக்கம்?” என்பதை மட்டுமே. அதன்பின் ஓகஸ்டில் வடமத்திய, சப்ரகமுவ மாகாணங்களில் தேர்தல் நடந்தது. 2009 இல் ஏனைய ஐந்தும் வாக்களித்து முடிய ஒக்டோபர் ஆகிவிட்டது.

இவ்வரிசை தானாக அமைந்ததா? மாகாண சபையின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். எனினும் முதலமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநர் அதனை முன்கூட்டியே கலைக்கலாம். 2008 இல் வடமத்திய, சப்ரகமுவ சபைகள் இவ்வாறே கலைக்கப்பட்டன. சாதகமான மாகாணத்தை முதலில் வாக்களிக்கச் செய்து, அவ்வெற்றியைக் காட்டியே அடுத்த மாகாணத்தில் வாக்குக் கேட்க ஆளுங்கட்சிக்கு இது வழிவிடுகின்றது. இறுதியில் வாக்களிப்பவர் முடிவு தெரிந்த போட்டியைப் பார்க்கச் செல்பவர் போலாகிறார்.

ஐக்கிய அமெரிக்காவிலும் இதே முறைப்பாடு உண்டு. ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்யும் உட்கட்சித் தேர்தல்களில் சிறிய மாநிலமான அயோவா 1972 முதல் முன்னிடம் வகித்தது. 2024 இல் ஜனநாயகக் கட்சி அந்த இடத்தைத் தென் கரோலினாவுக்கு வழங்கியது. ஆனால் முதலிடத்தை யாருக்குக் கொடுத்தாலும் முதலிடம் என்பது இருந்துகொண்டேயிருக்கும். எனவே ஒரே நாளில் வாக்களிப்பதே நேர்மையானது என்பேன்.

பொலிசாரும் அலுவலர்களும் போதாது என்பர். 1993 மே 17 இல் ஏழு மாகாண சபைகளுக்கு ஒரே நாளில் தேர்தல் நடந்தது. 2018 பெப்ரவரி 10 இல் 340 உள்ளூராட்சி மன்றங்களுக்கும் அவ்வாறே நடந்தது.

உண்மையான ஆபத்து வேறு. 2017 இல் எல்லாச் சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்த 20 ஆவது திருத்தச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. அதற்குச் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என உயர் நீதிமன்றம் தெரிவித்தது. பின்னர் தேர்தல் முறையே மாற்றப்பட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் நிராகரித்தது. ஒரு நாளைத் தேடப்போய் எந்த நாளும் இல்லாமற் போயிற்று! ஆகவே திகதியைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். அதனைப் பிற்போடும் அதிகாரம் எவருக்கும் இருத்தலாகாது.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தது. அன்று 11 வயதாயிருந்த உங்கள் அண்ணனோ அக்காவோ 2024 இல் 18 வயதை அடைந்தபோதும் அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை.