படத்தில் இல்லாத அண்ணி

அண்ணா பெண் காலேஜ் ஹாஸ்டலுக்குப் புறப்படப் பத்து நாள் இருக்கும்போது என்னிடம் வந்து, "அத்தை, அம்மாவும் நானும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். ஹாஸ்டல்லே மேஜை மேலே வெச்சுக்கணும்" என்றாள்.

இது என்ன பிரமாதம், அண்ணி வீட்டிலா போட்டோவுக்குப் பஞ்சம் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேருமாக உட்கார்ந்து தேடினோம். முதல் பிறந்த நாள், காதுகுத்து, மகாபலிபுரம், கொடைக்கானல், அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தி என்று 17 வருஷத்துப் படங்கள். எல்லாரும் இருக்கிறார்கள். சமையற்காரர் இருக்கிறார். வாசலில் படுத்திருந்த நாய்கூட நாலு படத்தில் இருக்கிறது. அண்ணியை மட்டும் காணோம்! ஒரே ஒரு படத்தில், பீரோக் கண்ணாடிக்குள் ஒரு முழங்கையும் காமிராவின் ஓரமும் தெரிந்தன. "இதுதான் அம்மா" என்றாள் பெண். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அண்ணி சிரிக்கவில்லை.

செல்போனில் கையை நீட்டி எடுத்தவை சில இருந்தன. அவற்றில் முகத்தைவிட மூக்குதான் முன்னால் நின்றது. அது மூக்கின் குற்றமல்ல. அகலமாகப் பார்க்கும் லென்ஸை ஒரு முழத் தூரத்தில் பிடித்தால், அதற்கு மிக அருகில் இருப்பது பெரிதாகத்தான் விழும்.

"எல்லாப் படத்தையும் நீங்களே எடுத்தா, உங்களை யார் எடுக்கிறது அண்ணி? ஒரு ஸ்டாண்டு வாங்கக் கூடாதா?" என்றேன்.

"ஸ்டாண்டா? அது இருக்கே, பரண் மேலே! பை இருக்கு, பிளாஷ் இருக்கு. காமிராவோட சேர்த்து எல்லாத்தையும் தலையிலே கட்டினாங்க."

இறக்கிப் பார்த்தோம். அன்று மத்தியானம் நான் கற்றுக்கொண்டதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். காமிரா வாங்கும்போது நாம் நாலு கடை ஏறி இறங்குகிறோம். கூட வருகிற பையையும் ஸ்டாண்டையும் பிளாஷையும் மட்டும், புடவைக்கடையில் கொடுக்கிற மஞ்சள் பையைப் போல வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். காமிராவை வெளியே எடுப்போமா மாட்டோமா என்பது அந்த மூன்றின் கையில்தான் இருக்கிறது.

முதலில் ஸ்டாண்டு. அடுப்புக்கு ஏன் மூன்று கல் வைத்தார்கள்? நாலு கால் நாற்காலி சமமில்லாத தரையில் ஆடும். மூன்று கல் ஆடாது. எந்தத் தரையிலும் மூன்று முனைகள் பதிந்துவிடும். ஆகவே மூன்று கால் ஸ்டாண்டு ஆடினால், பழி தரையின் மேல் அல்ல, காலின் மேல்தான். அண்ணியின் ஸ்டாண்டு பிரித்து நிறுத்தியதுமே நாணல் போல் அசைந்தது. ஒவ்வொரு காலும் ஐந்து துண்டாக நீண்டது. கடைசித் துண்டு பென்சில் பருமன். மடித்தால் கைப்பைக்குள் அடங்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். அடங்கும், வாஸ்தவம், ஆனால் நிற்காது.

கால் மூன்று துண்டாக, மிஞ்சினால் நாலு துண்டாக இருக்கட்டும். நடுவில் ஒரு தண்டு இருக்கிறதே, அதை உயர்த்தாமலே காமிரா உங்கள் நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டும். உயர்த்திவிட்டால் மூன்று கால் ஸ்டாண்டு ஒற்றைக் கால் கொக்காகிவிடும். குடும்பத்தோடு நின்று எடுக்கும் படத்துக்கு 1.2 மீட்டர் உயரம் தாராளம். தலைக்கு மேல் உயரும் ஸ்டாண்டு எல்லாம் கல்யாண வீடியோக்காரருக்கு. கடையிலேயே காமிராவை மாட்டி, மேலே ஒரு விரலால் தட்டிப் பாருங்கள். உடனே அடங்கினால் நல்லது. சிதார் தந்தி மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தால், கும்பிடு போட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் உறுதியான ஸ்டாண்டு கிடைக்கிறது. அதற்குக் கீழே போகப் போக, ஒன்று விலை ஏறும், இல்லாவிட்டால் உறுதி குறையும். கால்களைப் பூட்டுவதில் இரண்டு வகை உண்டு: ஒன்று திருகுவது, மற்றது நெம்புவது. நெம்புவது சீக்கிரம் ஆகும். ஆனால் புடவைத் தலைப்பு அதில் மாட்டிக்கொள்ளும். திருகுவது வழவழப்பாக இருக்கும். ஆனால் கடற்கரை மணல் உள்ளே போனால் நறநறக்கும். எனக்குத் திருகுவதுதான் பிடிக்கிறது. மெரீனாவுக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலம்பித் துடைத்து உலர்த்திவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை.

மேலே இருக்கும் திருகாணி அநேகமாக எல்லாக் காமிராவுக்கும் ஒரே அளவுதான், கால் அங்குலம். காமிராவே இல்லை, செல்போன்தான் என்பவர்களும் கவலைப்பட வேண்டாம். அதே திருகாணியில் மாட்டும் சின்னக் கவ்வி ஒன்று விற்கிறார்கள், அது போதும்.

நிறுத்தும்போது ஒரு காலை எதிரே, படத்தில் விழப்போகிறவர்களை நோக்கி வையுங்கள். மற்ற இரண்டு காலுக்கு நடுவில் நீங்கள் நிற்கலாம். கால் தடுக்காது, லென்ஸின் கனமும் முன் காலின் மேல் இறங்கும். ஜமக்காளத்தின் மேலோ மெத்தையின் மேலோ நிறுத்த வேண்டாம். காற்று அடித்தால் நடுத் தண்டின் கொக்கியில் பையை மாட்டுங்கள். பை ஆடாமல் தரையைத் தொட்டாற்போல் இருக்கட்டும். கோயில் குளம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தஞ்சைப் பெரிய கோயில், மகாபலிபுரம் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ஸ்டாண்டு நிறுத்த முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். தோளில் சுமந்துகொண்டு போய் வாசலில் வாதாடாதீர்கள்.

அடுத்தது பை. அண்ணியின் பையைத் திறந்ததும் மழைக்காலத்துத் தோல் செருப்பின் வாசனை குப்பென்று வந்தது. எனக்கு அப்போதே பகீரென்றது. லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே, கண்ணாடிக்குள், சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகப் படர்ந்திருந்தது. பூஞ்சை! ஊறுகாய் ஜாடியில் பிடிக்கிறதே, அதன் தாயாதிதான். காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவிகிதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். சென்னையில் வருஷத்தில் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது. பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த பை ஈரத்தை உறிஞ்சிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். இருட்டு வேறு. ஆரம்பத்தில் கவனித்தால் ரிப்பேர்க்காரர் பிரித்துத் துடைத்துக் கொடுப்பார். வருஷக்கணக்கில் விட்டுவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். அப்புறம் துடைத்தும் பயனில்லை.

பை என்பது வெளியே எடுத்துப் போவதற்கு. வீட்டில் வைப்பதற்கு அல்ல. வீடு வந்ததும் காமிராவை எடுத்து, ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கூடவே சிலிகா ஜெல் மணிகள் ஒரு சின்ன மூட்டை. ஆரஞ்சு நிற மணியாகக் கேட்டு வாங்குங்கள். ஈரம் குடித்தால் பச்சையாக மாறும், அப்போது புதிதாக மாற்றிவிடலாம். நீல மணியும் உண்டு. அது ஈரத்தில் ரோஜா நிறமாகும். ஆனால் அதில் கோபால்ட் உப்பு சேர்ந்திருப்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. எந்த மணியையும் சமையல் வாணலியில் போட்டு வறுக்க வேண்டாம். டப்பாவில் அரிசியைப் போட்டு வைக்கும் வழக்கமும் வேண்டாம். அரிசித் தூசி லென்ஸுக்கு இன்னொரு சத்துரு. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, மாதம் இரண்டு முறையாவது காமிராவை வெளியே எடுத்துப் பத்துப் படம் பிடிப்பது.

பை வாங்கும்போது நாம் செய்யும் தப்பு, பெரிதாக வாங்குவது. இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும். இரண்டாவது லென்ஸ், குடை, தண்ணீர் பாட்டில், குழந்தையின் பிஸ்கட் என்று எல்லாம் உள்ளே போய், கடைசியில் கனம் தாங்காமல் பையையே வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவோம். ஒரு காமிரா, மாட்டிய ஒரு லென்ஸ், ஒரு பிளாஷ், உபரி பாட்டரி: இவ்வளவு கொண்டால் போதும். தோளின் ஓரத்தில் தொங்கும் பை பட்டுப் புடவையில் வழுக்கிக்கொண்டே இருக்கும். குறுக்காகப் போடும்படி நீளமான, அகலமான வார் உள்ளதாகப் பாருங்கள். பஸ்ஸில் முன்பக்கம் தள்ளிக்கொள்ளலாம். மூடி உங்கள் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் குனிந்து பார்க்காமல் கையை விட்டு எடுக்க முடியும். கடையில் உங்கள் காமிராவையே உள்ளே போட்டு, மாட்டிக்கொண்டு, நடந்து, உட்கார்ந்து, ஒற்றைக் கையால் திறந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இன்னொரு யோசனை. காமிராவின் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்த பை, 'இங்கே காமிரா இருக்கிறது' என்று திருடனுக்குப் போட்ட விளம்பரம். மெத்தை வைத்த உட்பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கிச் சாதாரணப் பருத்திப் பைக்குள் வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது.

"புடவையும் கட்டிக்கிட்டு, இதையெல்லாம் யார் சுமக்கிறது?" என்றாள் அண்ணி. ஹோமாய் வியாரவாலா என்ற அம்மாளைப் பற்றிச் சொன்னேன். 1913ல் குஜராத்தில் நவசாரியில் பிறந்த பார்ஸிப் பெண்மணி. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். புடவை கட்டிக்கொண்டு, காமிராச் சாமான்களோடு டெல்லி வீதிகளில் சைக்கிளில் போய்ப் படம் எடுத்தவர். 1947 ஆகஸ்ட் 16ல் செங்கோட்டையில் கொடி ஏறியதைப் பிடித்தவர்களில் ஒருவர். 2011ல் பத்ம விபூஷண் பெற்று, 2012ல் காலமானார். அவர் காலத்து பிளாஷ் பல்பு ஒரு முறை 'பளிச்' என்றால் அதோடு சரி. எத்தனை படமோ அத்தனை பல்பு சுமக்க வேண்டும். அண்ணி மௌனமாகப் பையை எடுத்துத் தோளில் குறுக்காகப் போட்டுப் பார்த்தாள்.

கடைசியாக பிளாஷ். சஷ்டியப்தபூர்த்திப் படங்களில் முன்வரிசைக்காரர்கள் விபூதி பூசினாற்போல வெளுத்திருந்தார்கள், பின்வரிசை அமாவாசை. ஏன்? தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. இரண்டு மீட்டரில் இருக்கும் மாமாவுக்குக் கிடைப்பதில் நாலில் ஒன்றுதான் நாலு மீட்டரில் இருக்கும் அத்தைக்கு. வரிசைகளை நெருக்கி நிறுத்திவிட்டு, நீங்கள் கொஞ்சம் பின்னால் போனால் இந்த வித்தியாசம் குறையும்.

ஆனால் எவ்வளவு பின்னால்? பிளாஷின் குறிப்பில் 'கைடு நம்பர்' என்று ஒன்று போட்டிருக்கும். அதை லென்ஸ் துவாரத்தின் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் வந்துவிடும். காமிராவோடு ஒட்டிய குட்டி பிளாஷுக்கு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். துவாரம் எஃப் 4 என்றால் மூன்றே மீட்டர். ஐ.எஸ்.ஓ.வை 100லிருந்து 400 ஆக்கினால் ஆறு மீட்டர். அவ்வளவுதான். கச்சேரியில் பதினைந்தாவது வரிசையிலிருந்து பிளாஷ் அடிப்பவர் முன்னால் இருப்பவரின் குடுமியைத்தான் பிடிக்கிறார்.

தனி பிளாஷ் வாங்குவதாக இருந்தால் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: தலை நிமிர வேண்டும். நேரே அடிக்காமல் கூரையை நோக்கித் திருப்பினால், வெள்ளைக் கூரை முழுவதும் விளக்காகிவிடும். முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு இல்லை, மூக்குக் கண்ணாடியில் நட்சத்திரம் இல்லை, பின்னால் சுவரில் பூதாகாரமான நிழல் இல்லை. கண் சிவந்து விழுவதும் போய்விடும். பிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் விழித்திரையின் சிவப்புத் திரும்பி வருவதுதானே அது! கூரைக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தால் மட்டும் முகமும் பச்சையாகும். கல்யாண மண்டபத்து உயரக் கூரைக்கும் இந்த வித்தை பலிக்காது. பாட்டரி, திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய நிக்கல் வகையில் நாலு வாங்குங்கள்.

அப்பா காலத்து பிளாஷ் அலமாரியில் கிடக்கிறதே, மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய பிளாஷ்கள் சிலவற்றின் அடியில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய காமிராக்கள் சிலவற்றுக்கு அது தாங்காது. விஷயம் தெரிந்தவரிடம் அளக்கச் சொல்லிவிட்டு மாட்டுங்கள். வீட்டில் பிரிக்கவே வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கொலு, கார்த்திகை விளக்கு இவற்றுக்கு பிளாஷே வேண்டாம். விளக்கின் பொன்னிறத்தை அது அப்படியே விழுங்கிவிடும். ஸ்டாண்டில் வைத்து அரை விநாடி திறந்து எடுத்தால் படி படியாக ஒளி விழும். பக்கத்தில் மனிதர்களும் இருந்தால் அரை விநாடி அசையாமல் இருக்க வேண்டும். குழந்தைகளிடம் அது நடக்காது.

லென்ஸ் ரிப்பேருக்குப் போய்த் துடைத்து வந்தது. ஸ்டாண்டை மட்டும் புதிதாக வாங்கினோம். பெண் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் கூடத்தில் நிறுத்தி, பிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி, பத்து விநாடி தாமதம், தொடர்ந்து மூன்று படம் என்று காமிராவில் வைத்தேன். அண்ணி அழுத்திவிட்டு ஓட வேண்டும். பத்து விநாடி என்பது நிறைய நேரம். ஆனால் ஓடும் அண்ணிக்கு அது தெரியவில்லை. முதல் படத்தில் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவதில் பெண் அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். மூன்றாவதில் இருவரும் நேராக, அழகாக, ஸ்டூடியோவில் எடுத்த மாதிரி இருக்கிறார்கள்.

பெண் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனது இரண்டாவது படத்தை.